கதவுப் பிள்ளை வேலை ஒழிய வேண்டும்: புக்கிட் பெலிம்பிங் வேன் மக்களின் கோரிக்கைச் சாசனம்

விடியற்காலை ஆறு மணிக்கு முன்பே புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு சத்தம் எழும். கரகரவென்று இழுபட்டு, பாதியில் ஒரு தரம் நின்று, மறுபடி இழுபட்டு, கடைசியில் ‘டமார்’ என்று முடியும். யாருடைய வேன் என்று படுக்கையில் இருந்தபடியே சொல்லிவிடலாம். வேனுக்கு வேன் சத்தம் வேறு. சிலாங்கூர் ஆற்றங்கரைக்கு மின்மினி பார்க்க வருகிறவர்களின் புது வேன்களில் இந்தச் சத்தம் கிடையாது. பொத்தானை அழுத்தினால் கதவு தானே நகர்ந்து தானே சாத்திக்கொள்ளும். அவர்கள் வந்து போகும் அதே சாலையில்தான் எங்கள் வேன்களும் ஓடுகின்றன.

எங்கள் வேன்களில் ‘கதவுப் பிள்ளை’ என்று ஒருவர் உண்டு. ஆறாம் ஆண்டு படிக்கிற, கையில் கொஞ்சம் பலமுள்ள பையனோ பெண்ணோ. கதவோர இருக்கை அந்தப் பிள்ளைக்குத்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லாரும் ஏறியபின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, கதவைச் சற்றே தூக்கி, முன்னால் இழுத்து, கடைசியில் உடம்பையே கொடுத்து ஓர் உலுக்கு உலுக்க வேண்டும். “மாட்டிருச்சா?” என்று வேன் அங்கிள் கண்ணாடியில் பார்த்துக் கேட்பார். “மாட்டிருச்சு அங்கிள்” என்று பிள்ளை சொல்லும். அந்தச் சொல்லை நம்பி வண்டி நகரும். வாக்களிக்க, ஏன், லைசென்ஸ் எடுக்கக்கூட வயது வராத பிள்ளையிடம் ஒரு வண்டி நிறையப் பிள்ளைகளின் உயிரை ஒப்படைத்திருக்கிறோம்.

இந்தச் சாசனத்தின் முழுப் பொருளும் அதுதான். கதவுப் பிள்ளை என்ற வேலை ஒழிய வேண்டும்.

கேட்பவர்கள் நாங்கள்: இந்த வேன்களில் பிள்ளைகளை ஏற்றி அனுப்பும் பெற்றோர், இதே வேன்களில் தொழிற்சாலைக்கும் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கும் போய்வரும் பெண்கள், இவற்றை ஓட்டிப் பிழைக்கும் ஓட்டுநர்கள். யாரிடம் கேட்கிறோம் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறோம். சில கோரிக்கைகள் எங்களிடமே நாங்கள் வைப்பவை. அவற்றை ஒளிக்கவில்லை.

ஏன் இப்போது என்று கேட்பார்கள். போன மழைக்காலத்தில் ஒரு நாள், தோட்டத்து மண்சாலையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறி வேகம் எடுத்த ஒரு வேனின் கதவு தானாகப் பின்னால் ஓடித் திறந்துகொண்டது. கதவோரம் இருந்த பள்ளிப் பை சாலையில் விழுந்து உருண்டது. பின்னால் வந்த செம்பனை லாரி அதன்மேல் ஏறிப் போனது. பையின் சொந்தக்காரப் பிள்ளை இருக்கைக் கம்பியைப் பிடித்திருந்ததால் வேனுக்குள்ளேயே இருந்தது. நசுங்கிய தண்ணீர்ப் புட்டியும் கிழிந்த கணிதப் புத்தகமும் இன்னும் அந்த வீட்டில் இருக்கின்றன. ஓட்டுநரை யாரும் திட்டவில்லை. அவரே அன்று சாப்பிடவில்லை.

கதவு ஏன் அப்போது திறந்தது? இதைத் தெரிந்துகொள்ளாமல் எதைக் கேட்டும் பயனில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம். ஃபோர்மேன்களுக்கு இது பால பாடம், பொறுத்துக்கொள்ளட்டும்.

இழுப்புக் கதவு மூன்று இடத்தில் தொங்குகிறது. மேலே கூரையோரம் ஒரு ரெயில், கீழே படிக்கட்டுக்குள் ஒரு ரெயில், நடுவில் வேனின் பின்பக்கத் தகட்டுக்கு வெளியே நீளமாகத் தெரியும் ஒரு ரெயில். மூன்றிலும் ரோலர்கள் ஓடுகின்றன. மேல் ரோலர் கதவைச் சாயாமல் பிடிக்கும். பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் கீழ் ரோலரும் நடு ரோலரும். சாதாரணக் கதவு கீலில் தொங்கிக்கொண்டு தன்பாட்டுக்கு இருக்கும். இந்தக் கதவோ ஒவ்வொரு தடவையும் பயணம் போய் வருகிறது. ஒரு பள்ளி வேனில் காலையும் மதியமும் எத்தனை நிறுத்தம் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டு வேனின் கதவு ஒரு மாதத்தில் நகரும் தூரத்தை எங்கள் கதவு இரண்டு மூன்று நாளில் நகர்ந்துவிடும்.

முதலில் சாவது கீழ் ரெயில். அது படிக்கட்டோடு சேர்ந்தே இருக்கிறது. பிள்ளைகள் செம்மண் சப்பாத்தோடு மிதித்து ஏறுவதும் அங்கேதான். ஓர் ஓட்டுநர் தன் ரெயிலைச் சுரண்டி எடுத்ததைக் காகிதத்தில் கொட்டிக் காட்டினார்: இருபது காசு நாணயம் ஒன்று, தலைப்பின் இரண்டு, ரப்பர் துண்டு, ஐஸ்கிரீம் குச்சி, காய்ந்து கல்லாகிப்போன நாசி லெமாக் சோறு. மீதி எல்லாம் மண். அந்த மண்மேல் நாங்களே கிரீஸைத் தடவுகிறோம், கதவு லேசாக ஓடட்டும் என்று. இரண்டு நாள் லேசாக ஓடும். பிறகு கிரீஸும் மண்ணும் குழைந்து அரைக்கும் பசையாகி ரோலரைத் தின்னும். ரெயிலைத் துடைத்துச் சிலிக்கான் ஸ்பிரே அடித்துவிட வேண்டும், கிரீஸ் ரோலரின் பேரிங்கோடு நிற்க வேண்டும். இவ்வளவு எளிய விஷயத்தை இருபது ஆண்டாக யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ரோலர் தேய்ந்தால் கதவின் பின்பக்கம் கீழே தொய்கிறது. தொய்ந்த கதவின் பூட்டு, தூணில் இருக்கும் கம்பிக்கு நேராக வராது. பட்டறைக்குப் போனால் என்ன செய்கிறார்கள்? கம்பியின் திருகைத் தளர்த்தி, தொய்ந்த கதவுக்கு ஏற்றபடி அதைக் கீழே இறக்கிக் கொடுக்கிறார்கள். ஐந்து நிமிட வேலை, காசும் குறைவு, கதவும் சாத்துகிறது. நோய் அப்படியே உள்ளே இருக்கிறது. காலுக்குச் செருப்பு சேரவில்லை என்றால் செருப்பை மாற்றுவார்கள், இங்கே காலைச் சீவியிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தொய்ந்ததும் மறுபடி கம்பியை இறக்க இடம் இருக்காது. அந்த நிலையில்தான் கதவுப் பிள்ளைக்கு ‘தூக்கி இழு’ என்ற பாடம் தொடங்குகிறது.

அடுத்தது பூட்டு. நல்ல கதவுப் பூட்டுக்கு இரண்டு பிடி உண்டு. முதல் பிடியில் கதவு பாதி மாட்டும், இரண்டாவதில் முழுக்க மாட்டும். பாதி மாட்டிய கதவும் வெளியிலிருந்து பார்த்தால் சாத்திய கதவு போலவே இருக்கும், ஒரு விரற்கடை மட்டும் துருத்திக்கொண்டிருக்கும். பழைய பூட்டில் அந்த முதல் பிடி தேய்ந்து வழுக்கத் தொடங்குகிறது. இழுப்புக் கதவு பின்பக்கமாகத் திறப்பது. வண்டி வேகம் எடுக்கும்போது உள்ளே இருப்பவர்கள் பின்னால் சாய்வதுபோல, சரியாக மாட்டாத கதவும் பின்னால் ஓடப் பார்க்கும். தார்ச்சாலையில் ஏறி அங்கிள் ஆக்சிலரேட்டரை மிதித்த கணத்தில் அன்று நடந்தது அதுதான். பிரேக் போட்டால் நேர்மாறாக முன்னால் ஓடும். திறந்து நிற்கும் கதவைப் பிடித்து வைக்கிற கொக்கி தேய்ந்திருந்தால், முகப்பு இறக்கத்தில் இருக்க நிறுத்திய வேனின் கதவு தானாகவே வந்து மோதும். புக்கிட் பெலிம்பிங்கில் நகம் கறுத்த பிள்ளைகளின் கதை பெரும்பாலும் அந்தக் கொக்கியின் கதை.

துருவையும் சேர்த்துச் சொன்னால்தான் கதவின் கதை முடியும். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியச் சிறு ஓட்டைகள் உண்டு. மண் அடைத்துக்கொண்டால் மழைநீர் கதவுக்குள்ளேயே தேங்கும். கடற்கரையும் கழிமுகமும் பக்கத்தில் இருக்கிற ஊர், காற்றிலேயே உப்பு. தகடு உள்ளிருந்து வெளியே உளுக்கிறது. வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே ஒன்றும் மிச்சம் இருக்காது. அதன்மேல் ஃபைபரும் புட்டியும் பூசிச் சாயம் அடித்தால் சோதனை நாளுக்கு வேன் மணப்பெண் மாதிரி இருக்கும். ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். தகட்டில் ஒட்டும், புட்டியில் ஒட்டாமல் விழும். படிக்கட்டின் அடியும் உளுத்த வேனில் இன்னொன்று நடக்கும்: காலியாக, சமதரையில் நிற்கும்போது அழகாகச் சாத்தும் கதவு, பிள்ளைகள் ஏறி உட்கார்ந்ததும் சாத்த மறுக்கும். பாரத்தில் வேனின் உடம்பே வளைகிறது, கதவுச் சட்டம் கோணுகிறது. எங்கள் ஓட்டுநர்களுக்குக் கதவைச் சாத்தத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால், அவர்கள் காலி வேனை மட்டுமே பார்த்தவர்கள்.

இவை என்ன வேன்கள்? நிசான் வேனெட், டொயோட்டா லைட்ஏஸ், ஹைஏஸ், 1996-இல் வந்த பெரோடுவா ரூசா, கொஞ்சம் வசதி வந்தபோது வாங்கிய நாசா ரியா. கடைசியில் சொன்னது கியா கார்னிவலின் மலேசியப் பெயர். பெரும்பாலானவை உற்பத்தியே நின்றுபோனவை. உதிரிப் பாகத்துக்குக் கிள்ளான் பக்கத்து ஹாஃப்கட் கடைகளில் ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்துக் கொண்டுவந்த வண்டிகளின் உடம்பில் தேட வேண்டும். நடு ரோலர் என்று கேட்டால் கடைக்காரர் முழுக் கதவையும் காட்டி விலை சொல்கிறார்.

வேறு வண்டி வாங்குவதுதானே என்ற கேள்விக்குப் பதில் எங்கள் வரலாற்றில் இருக்கிறது. 1923-இன் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. கொட்டகைப் பள்ளிதான், கிராணியே வாத்தியார் ஆன இடமும் உண்டு. ஆனாலும் பிள்ளைகள் நடந்து போனார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாகின, குடும்பங்கள் தாமான்களுக்குச் சிதறின, பள்ளிகளில் பல இடம் மாறின, சில மூடின. நடந்து போன தூரம் வேன் போகும் தூரமாயிற்று. அந்த வேனை வாங்கியது தோட்டமும் இல்லை, அரசாங்கமும் இல்லை. சேமநிதிப் பணத்தை எடுத்து வாங்கியவர் பக்கத்து வீட்டுக்காரர். மாதக் கட்டணத்தை அவரால் உயர்த்த முடியாது, எங்களாலும் கொடுக்க முடியாது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் வாங்கிக்கொள்ளும் ஓட்டுநர்களை எங்களுக்குத் தெரியும். அந்த மூன்றாவது பிள்ளையின் கட்டணம்தான் ரோலர் வாங்காத காசு.

இனி, கேட்பவை.

எங்களிடமே நாங்கள் கேட்பது

பெற்றோர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு முறை தம் பிள்ளை ஏறும் வேனின் கதவைத் தாமே திறந்து சாத்திப் பார்க்க வேண்டும். பாதி திறந்த கதவின் பின்விளிம்பை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பாருங்கள். ஒரு விரல் அகலம் அசைந்தால் ரோலர் போய்விட்டது, வேறு சான்று வேண்டாம். ரப்பர் பீடிங்குக்கு இடையில் ஒரு காகிதத் துண்டை வைத்துச் சாத்தி இழுங்கள், தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் கதவு ஒட்டவில்லை. இதை ஓட்டுநரைச் சந்தேகப்படுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பால்காரர் முன்னாலேயே பாலை அளந்து வாங்கிய வம்சம் நாம்.

ஓட்டுநர்கள் வாரம் ஒரு முறை ரெயிலைத் துடைக்க வேண்டும், வடிகால் ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்தி விட வேண்டும். இதற்குக் காசு வேண்டாம், பழைய பல்துலக்கி போதும். அளவுக்கு மேல் பிள்ளைகளை ஏற்றுவதை நிறுத்த வேண்டும். ‘இன்னும் ஒருத்தர்தானே அங்கிள்’ என்று கெஞ்சுவதைப் பெற்றோரும் நிறுத்த வேண்டும். கதவில் சாய்ந்து உட்காரும்படி பலகையோ முக்காலியோ போட்ட வேன் எதுவாக இருந்தாலும் அதில் எங்கள் பிள்ளைகள் ஏறமாட்டார்கள். பெர்மிட் இல்லாமல் ‘பிரிபெட் சாப்பு’ ஓட்டுகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை. அவர்களையும் இந்தச் சாசனத்துக்குள் அழைக்கிறோம். பெர்மிட் எடுக்க வழி செய்து கொடுங்கள் என்று கேட்கப்போவது அவர்களுக்காகவும்தான்.

போக்குவரத்து அதிகாரிகளிடம்

தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான ஆபாட்டையும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயையும் நேராகவே கேட்கிறோம்.

2009 அக்டோபரில், 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்குக் கட்டாயச் சோதனை என்று தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வில் அறிவித்தார்கள். நாடே கொதித்தது, சில நாட்களில் அது கைவிடப்பட்டது. அன்று மகிழ்ந்தவர்களில் நாங்களும் இருந்தோம். இன்று திரும்பிப் பார்த்தால் எங்கள் மகிழ்ச்சி பாதிதான் சரி. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த நாங்கள், அதற்குப் பதில் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. ஆகவே பழைய வேன்களை ஒரேயடியாக ஒழிக்கச் சொல்லும் எந்த வயது வரம்பையும் எதிர்க்கும் அதே வாயால், பிள்ளைகளை ஏற்றும் வேனுக்குக் கடுமையான கதவுச் சோதனையை நாங்களே கேட்கிறோம்.

வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போகின்றன. அந்தச் சோதனையில் இழுப்புக் கதவைப் பிள்ளைகளின் எடைக்கு மூட்டை ஏற்றி, சரிவில் நிறுத்தி, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறந்து சாத்திப் பார்க்க வேண்டும். கீழ் ரெயிலையும் படிக்கட்டின் அடியையும் தட்டிப் பார்க்க வேண்டும், காந்தமும் வைக்க வேண்டும். இருக்கைகளின் போல்ட் எந்தத் தகட்டைப் பிடித்திருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். உளுத்த தரையில் இறுக்கிய இருக்கை, தரையோடுதான் பெயர்ந்து வரும். தரை ஓட்டை வழியாகவும் பின்கதவு ரப்பர் வழியாகவும் புகை உள்ளே வருகிறதா என்பதும் அதில் அடங்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. வேனில் ஏறியதும் பிள்ளை தூங்கிவிட்டால் விடியற்காலையில் எழுந்த களைப்பு என்று நினைக்கிறோம். களைப்பாகவே இருக்கட்டும், ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

1994 முதல் சோதனை வேலை புஷ்பாகோம் ஒன்றிடமே இருந்தது, 2024-இல் மற்ற நிறுவனங்களுக்கும் கதவு திறந்தார்கள். (எங்கள் கதவைவிட அது சுலபமாகத் திறந்திருக்கிறது.) சோதனைக்குப் போனால் ஓட்டுநருக்கு ஒரு நாள் ஓட்டம் போகும், தவறினால் இன்னொரு நாள். ஆகவே பள்ளி தொடங்குவதற்கு முந்திய விடுமுறையில் நடமாடும் சோதனைக் குழு ஒன்று கோலசிலாங்கூருக்கு வந்து, சுற்றுத் தோட்டங்களின் வேன்களை ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்று கேட்கிறோம்.

சம்மன் விஷயத்தில் எங்களுக்குள்ளேயே சண்டை நடந்தது. முடிவைச் சொல்கிறோம். சாயம், துரு, ரப்பர், கண்ணாடி போன்ற குறைகளுக்கு உடனே அபராதம் விதிக்காமல் 14 நாள் அவகாசம் கொடுங்கள். பூட்டு இரண்டாம் பிடியில் நிற்கவில்லை என்றால் மட்டும் அவகாசம் வேண்டாம். அன்றே வேனை நிறுத்துங்கள். ஓட்டுநர்களில் இருவர் இதற்குக் கடைசிவரை சம்மதிக்கவில்லை. பள்ளிப் பை விழுந்த வேனை ஓட்டியவர் சம்மதித்தார்.

எச்சரிக்கை விளக்கு. வாகனக் கதவுகளைப் பற்றி உலகம் எவ்வளவு கவலைப்பட்டிருக்கிறது என்பதற்கு ஒரு செய்தி: ஐக்கிய நாட்டு அமைப்பின் கீழ் உலகளாவிய வாகனத் தொழில்நுட்ப விதிகள் எழுதத் தொடங்கியபோது, 2004 நவம்பரில் நிறைவேறிய முதலாம் எண் விதியே கதவுப் பூட்டுகளையும் கதவைப் பிடித்து நிறுத்தும் பாகங்களையும் பற்றியது. இழுப்புக் கதவுக்கு அது கேட்பது, பாதி மாட்டினாலும் பிடித்துக்கொள்ளும் இரண்டு நிலைப் பூட்டு, இல்லையென்றால் கதவு முழுக்கச் சாத்தவில்லை என்று சொல்லும் எச்சரிக்கை. எங்கள் வேன்கள் அந்த விதிக்கு முன்பே பிறந்தவை, சட்டம் அவற்றைத் தொடாது. ஆனால் கதவுத் தூணில் ஒரு சுவிட்ச், ஓட்டுநர் முன்னால் ஒரு சிவப்பு பல்பு, ஒரு பஸ்ஸர், இரண்டு கஜம் ஒயர், ஒரு மணி நேர வேலை. சுவிட்ச் கதவின் முழு மாட்டலில் மட்டும் அணையும்படி வைத்தால், “மாட்டிருச்சா?” என்று பிள்ளையைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. பள்ளி வேன் பெர்மிட்டுக்கு இதைக் கட்டாயமாக்குங்கள். முதல் கோரிக்கை எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வோம்.

இன்னொன்று, வெளியேறும் வழி. பழைய வேன்கள் பலவற்றில் இழுப்புக் கதவு இடப்பக்கம் ஒன்றுதான். சாலையோரத்தில் இறங்க அது நல்லது, வலப்பக்கமும் கதவுள்ள வேன்களில் அந்த வலக்கதவு போக்குவரத்துக்குள் திறக்கிறது, அதைப் பள்ளி ஓட்டத்தில் பூட்டியே வைக்க வேண்டும். ஆனால் தஞ்சோங் காராங் பக்கம் சாலை நெடுகப் பாரிட் என்ற கால்வாய் ஓடுகிறது. வேன் இடப்பக்கமாகச் சரிந்து பாரிட்டில் விழுந்தால் ஒரே கதவும் அடியில் மாட்டிக்கொள்ளும். பின்கதவு மட்டும்தான் வழி, அதைப் பல வேன்களில் உள்ளிருந்து திறக்க முடியாது. உள்பக்கக் கைப்பிடியும் கண்ணாடி உடைக்கும் சுத்தியலும் ஒவ்வொரு வேனிலும் இருக்க வேண்டும். பின்கதவை மறித்து இருக்கை போடுவதைத் தடை செய்யுங்கள்.

2025 ஜூன் 9 அன்று கெரிக்கில் பஸ் கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தபோது நாடு முழுதும் வேகத்தையும் பிரேக்கையும் பெர்மிட்டையும் பற்றிப் பேசியது. பேச வேண்டியதுதான். எங்கள் மண்சாலையில் வேன்கள் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதே அரிது. எங்கள் ஆபத்து மெதுவாகப் போகிற ஆபத்து, அதனால் செய்தியில் வருவதில்லை.

அரசாங்கத்திடம்: ரோலருக்கும் ஓர் அட்டை

2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 3 வெள்ளி 35 காசு ஆனபோது, பள்ளி பஸ் உள்ளிட்ட பொதுப் போக்குவரத்து வண்டிகளுக்கு 1 வெள்ளி 88 காசு விலையில் டீசல் போட அட்டை கொடுத்தார்கள். அட்டை கொடுக்கவும், கணக்குப் பார்க்கவும், தவறாகப் பயன்படுத்துபவரைப் பிடிக்கவும் அரசாங்கத்துக்குத் தெரியும் என்று அப்போது விளங்கியது. அதே மாதிரி, பெர்மிட் உள்ள ஒவ்வொரு பள்ளி வேனுக்கும் ஆண்டுக்கு 600 வெள்ளி மதிப்புள்ள பழுதுபார்ப்பு அட்டை கேட்கிறோம். ரோலர், பூட்டு, ரப்பர், அடித்தகடு வெல்டிங், எச்சரிக்கை விளக்கு இவற்றுக்கு மட்டும் செல்லட்டும். டயருக்கும் டீசலுக்கும் வேண்டாம், அங்கே நழுவிவிடும். ரொக்கமாகவும் வேண்டாம். எங்களை எங்களுக்குத் தெரியும்.

சிலாங்கூர் மாநிலம் 2015-இல் நகரங்களில் இலவசப் பஸ் விட்டது. நல்ல வேலை. புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து கோலசிலாங்கூர் இடைநிலைப் பள்ளிகளுக்குக் காலையில் ஒன்று, பிற்பகல் ஒன்று என இரண்டே நடை விட்டால் படிவ மாணவர்கள் அதில் போவார்கள், வேன்களில் நெரிசல் குறையும், கதவு தானாகவே கொஞ்சம் நிம்மதி அடையும்.

தோட்ட நிர்வாகத்திடம்

நீளமாகக் கேட்கவில்லை. செம்பனை லாரிக்காகச் சாலையைச் சுரண்டிச் சமப்படுத்தும்போது, வேன் நிற்கும் இரண்டு இடங்களில் கல் பரப்பிச் சமதரை ஆக்கிக் கொடுங்கள். மழை நாளில் பிள்ளைகள் சேற்றோடு ஏறாமல் இருக்க ஒரு சிமெண்டு மேடையும் கூரையும் வேண்டும். தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் பழுது பார்க்கும் வெல்டிங் சாதனம் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாதான் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு எங்கள் வேன்களின் படிக்கட்டை ஒட்டவைக்க அதை இரவல் கொடுங்கள். தகடும் கூலியும் எங்கள் பொறுப்பு.

வண்டி விற்றவர்களிடம்

2016 நவம்பரில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் சியன்னா வேன்களில் சுமார் 7 லட்சத்து 44 ஆயிரத்தைத் திரும்ப அழைத்தது. மின்சார இழுப்புக் கதவின் மோட்டாருக்கு அளவு மீறி மின்சாரம் பாய்ந்து ஃபியூஸ் போனால், பூட்டு திறந்த நிலையிலேயே நின்று ஓடும் வண்டியில் கதவு திறக்கலாம் என்பது காரணம். புது வண்டிக்கு அப்படி ஒரு மரியாதை இருக்கிறது. கதவுக்காக எங்கள் பழைய வேன்களை யாரும் திரும்ப அழைக்கவில்லை, அது சட்டப்படி நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் இந்த நாட்டில் வேன் விற்றுப் பெயர் வாங்கிய நிறுவனங்கள், தங்கள் பழைய மாடல்களின் ரோலர், பூட்டு, பூட்டுக் கம்பி ஆகிய மூன்றையாவது தனித்தனிப் பாகமாக, பாக எண்ணோடு தொடர்ந்து விற்க வேண்டும். ஒரு ரோலருக்காக ஒரு கதவை வாங்கும் நிலை மாறினால், கம்பியை இறக்கிக் கொடுக்கும் அந்த ஐந்து நிமிட வைத்தியமும் பாதி குறையும். பட்டறை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் இதுவே வேண்டுகோள்: பள்ளி வேன் என்று தெரிந்தால் கம்பியை நகர்த்தித் தராதீர்கள். ரோலர் வந்தபின் வா என்று திருப்பி அனுப்புங்கள். கோபித்துக்கொள்வோம், பிறகு வருவோம்.

இந்தக் கோரிக்கைகள் ஒரே நாளில் நிறைவேறும் என்று நாங்கள் எண்ணவில்லை. எச்சரிக்கை விளக்கை மட்டும் யாருக்கும் காத்திருக்காமல் நாங்களே தொடங்குகிறோம். பெற்றோர் பங்கு போட்டு, பை விழுந்த அந்த வேனில் முதல் விளக்கைப் பொருத்தியாயிற்று. முதல் நாள் பஸ்ஸர் ஓயாமல் அலறியதில் வேன் அங்கிள் ஒயரைப் பிடுங்கப் போனார், கதவுப் பிள்ளைதான் தடுத்தது.

கையெழுத்துத் தாள் தோட்டத்து முச்சந்திக் கடையில் இருக்கிறது. கையெழுத்திட வருகிறவர்கள் வரும் வழியில் நிற்கும் ஏதாவது ஒரு வேனின் கதவை ஒரு தரம் தாமே தூக்கி இழுத்துச் சாத்திவிட்டு வாருங்கள்.